எஃப்பிஎஸ் பித்தர்

காரங்காட்டுக்கு வருகிறவர்கள் அலையாத்திக் காட்டைப் பார்க்கப் படகேறுகிறார்கள், மீன் சாப்பாடு சாப்பிடுகிறார்கள், போய்விடுகிறார்கள். ஊருக்குள் உட்கார்ந்திருக்கும் இன்னோர் அபூர்வ ஜீவன் அவர்கள் கண்ணில் படுவதில்லை. தொண்டியிலும் தேவிபட்டினத்திலும், ஏன், இலவச லேப்டாப் போய்ச் சேர்ந்த ஊரிலெல்லாம் இவர் உண்டு. பிளேஸ்டேஷன் 2-ஐக் கையால் தொட்டதே கிடையாது. ஆனால் அதன் விளையாட்டுகளை அந்த லேப்டாப்பில் ஓடவைக்காமல் ஓய்வதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டவர்.

லேப்டாப் அக்காவுடையது. 2011 செப்டம்பரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டத்தில் வந்த ரகம்: 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அக்கா கல்யாணமாகிப் போயாயிற்று. மூடியிலிருந்த முதல்வர் படம் பாதி உரிந்துவிட்டது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால், கரண்ட் போனால் கதாநாயகனும் அந்த நொடியே போய்விடுவான்.

“2000-ல் வந்த பெட்டி, 300 மெகாஹெர்ட்ஸ்கூட இல்லாத சிப், 32 எம்பி ரேம். அதுக்கா இது திணறுது?” என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. பாடம் ஆரம்பமாகிவிடும். அந்தப் பெட்டிக்குள் மெயின் சிப், இரண்டு வெக்டர் யூனிட், கிராஃபிக்ஸ், சவுண்ட் என்று ஆளாளுக்கு ஒரு வேலை. எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். லேப்டாப்பை அந்தப் பெட்டியாக நடிக்கவைக்கும் பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டர் ஒவ்வொரு கட்டளையையும் இன்டெல் சிப்புக்குப் புரியும்படி மாற்றியாக வேண்டும், ஒன்றுக்கொன்று நேரம் பிசகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கூத்தில் ராஜா, ராணி, கட்டியக்காரன், மத்தளம் எல்லாம் ஒரே ஆள் என்றால் எப்படி இருக்கும்!

வைத்தியங்களுக்குக் குறைவில்லை. ஆன்டிவைரஸைத் தூக்கியாயிற்று. 32-பிட் விண்டோஸ் என்பதால் எமுலேட்டரும் 2020-ல் வந்த 1.6 பதிப்போடு நின்றாயிற்று. லேப்டாப்புக்கு அடியில் நாலு பாட்டில் மூடி முட்டுக்கொடுத்து, வீட்டிலிருக்கும் ஒரே டேபிள் ஃபேனும் அதன் பக்கம் திருப்பப்பட்டிருக்கிறது. சூடேறினால் சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். வீட்டாருக்கு விசிறி.

இவ்வளவுக்கும் இவர் விளையாட்டைப் பார்ப்பதே இல்லை. கண்ணெல்லாம் ஜன்னலின் டைட்டில் பாரில்தான், நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று காட்டும் எஃப்பிஎஸ் என்ற எண்ணில்தான். மெனுவில் 60. சண்டை தொடங்கினால் 23. எமுலேட்டரில் ‘வி.யூ. சைக்கிள் ஸ்டீலிங்’ என்ற அமைப்பை ஏற்றினால் எண் மட்டும் மேலே போகும், ஆட்டம் அப்படியே நொண்டும். அது பொய்க்கணக்கு என்று தெரிந்தும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிடுவார்.

“போன்ல பிபிஎஸ்எஸ்பிபி போட்டா பிஎஸ்பி கேம் வெண்ணெயா ஓடுது மாப்ள” என்றான் ஒரு நண்பன். உண்மைதான், கையடக்கப் பிளேஸ்டேஷனான பிஎஸ்பிக்கென்று 2012-லிருந்து இருக்கும் அந்த எமுலேட்டர் சாதாரண போனிலும் ஓடும். இவரும் போட்டுப் பார்த்தார். முதல் தடவையே ஓடியது. உடனே அழித்துவிட்டார்.

விசைப்படகில் போகும் மாமா, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலமென்று வீட்டிலிருந்தார். திரையில் ‘காட் ஆஃப் வார்’. முதல் கட்டமே நடுக்கடல். புயல், உடைந்த கப்பல்கள், பல தலைப் பாம்பு. மாமா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“ஏன் மாப்ள, இவ்வளவு காத்தடிக்குது, கப்பல் ஏன் ஆடமாட்டேங்குது?”

“ஃப்ரேம் ஸ்கிப் போட்டிருக்கேன் மாமா.”

“அந்தப் பாம்பையாவது அடிச்சியா?”

“அதெல்லாம் அப்புறம். மேல பாருங்க, 41 வருது!”