பத்தாவது கைநாட்டு

2001 சட்டமன்றத் தேர்தலில் என் மாமா சுயேச்சையாக நிற்க முடிவு செய்தார். ஈரோட்டுப் பக்கம் தறி ஓட்டியவர். நூல் விலையைப் பற்றி நாலு ஊரில் பேச வேண்டும், அவ்வளவுதான் அவர் நோக்கம். காலேஜ் படித்தவன் என்று வேட்புமனுவை என்னிடம் கொடுத்தார்.

அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர். 1996-இல் வந்த சட்டத் திருத்தம் இது. அதே ஆண்டுத் தேர்தலில்தான் பக்கத்து மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். டெபாசிட்டும் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது.

ஒன்பது கையெழுத்து ஒரே மாலையில் கிடைத்தது. பத்தாவது ஆள் எதிர்வீட்டு ஆத்தா. பாவுக்குக் கஞ்சி போட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நான் நீட்டிய மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தினார். ரேகையின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு, தாளில் வெள்ளைக் கோடாக விழுந்தது.

பரிசீலனையன்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து அந்தத் தாளைத்தான் காட்டினார். கைநாட்டை அதிகாரி முன்னிலையில் வைத்து, அவர் சான்றளித்திருக்க வேண்டும். சான்று இல்லை. ஒன்பது பேர்தான் கணக்கு. மனு தள்ளுபடி. டெபாசிட் பணம் மட்டும் திரும்பி வந்தது.

“ஏன் கண்ணு, அந்தத் தழும்பப் பாத்தா ஊரே சொல்லுமே, ஆத்தா ரேகைன்னு. அப்பறம் எப்பிடிச் செல்லாதுங்கறாங்க?” என்றார் மாமா. எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு தேடிப் படித்தேன். முக்கியமில்லாத குறைக்காக மனுவைத் தள்ளக்கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 36(4) பிரிவே சொல்கிறது. ஆனால் கைநாட்டுக்குச் சான்று இல்லாதது சின்னக் குறை அல்ல என்று 1954-லேயே ரத்தன் அன்மோல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அநியாயமாகத் தள்ளினாலும் உடனே கோர்ட்டுக்குப் போக முடியாது. நாமக்கல் தொகுதியில் மனு தள்ளுபடியான பொன்னுசாமியின் வழக்கில், 1952-இல் வந்த தீர்ப்பு அது. தேர்தல் முடிந்து, 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத்தான் போட வேண்டும். அதற்குள் ஊர் வேறொருவருக்கு ஓட்டுப் போட்டு முடித்திருக்கும்.

இன்று வேட்புமனு நேரத்தில் என்னைத் தேடி வருகிறார்கள். படிவத்தை ஆன்லைனில் நிரப்பலாம்; டெபாசிட் 10,000. பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டாலும் ஆபத்து என்பதால் ‘இல்லை’ என்றாவது எழுத வைக்கிறேன். முன்மொழிபவர் ஒவ்வொருவரின் பாகம் எண், வரிசை எண்ணையும் வாக்காளர் பட்டியலில் விரல் வைத்துச் சரிபார்க்கிறேன். மைப்பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுகிறேன். கைநாட்டுக்காரரை ஆட்டோவில் ஏற்றி அலுவலகத்துக்கே கூட்டிப்போகிறேன்.

ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலை முன்மொழிந்த பத்துப் பேரில் இருவர், அது தங்கள் கையெழுத்தே இல்லை என்றதும் அவர் மனு தள்ளுபடியானது. மறுக்கக்கூடிய கையெழுத்துக்குச் சட்டம் சான்று கேட்பதில்லை. மாற்றவே முடியாத ரேகைக்குக் கேட்கிறது. எழுதத் தெரியாதவருக்கு இது அநீதி.

இந்த விதி மாறும்வரை, சுயேச்சையாக நிற்பவர்களே, கடைசி நாள் மூன்று மணிக்கு ஓடாதீர்கள். இரண்டு நாள் முன்னதாகப் போங்கள். கைநாட்டு வைப்பவரைக் கையோடு அழைத்துப் போங்கள்.