போற்றிக்கு மானம் உண்டு

2024 பிப்ரவரியில் 'பிரமயுகம்' என்ற மலையாளப் படம் வெளிவரும் நேரம். மம்மூட்டி ஆடும் மந்திரவாதிக்குக் குஞ்சமண் போற்றி என்று பெயர். அது தங்களையே சுட்டுகிறது, குடும்ப மானம் போகிறதென்று கோட்டயம் மாவட்டத்துப் புஞ்சமண் இல்லத்தார் கேரள உயர் நீதிமன்றம் ஏறினார்கள். படக்காரர்கள் பணிந்து 'கொடுமண் போற்றி' என்று மாற்றிக்கொண்டார்கள்.

கொடுமண், பத்தனம்திட்டா மாவட்டத்து ஊர். அதே மாவட்டத்து இலந்தூரில்தான் 2022இல், லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்த இரண்டு பெண்களை, ஐசுவரியம் பெருகும் என்று கூறு போட்டு வீட்டு வளவில் புதைத்தார்கள். ஒருவர் தருமபுரிக்காரர். மானநஷ்டம் கேட்க அவர்களுக்கு இல்லம் ஏது?

சினிமா பார்த்துத்தான் ஜனம் மந்திரவாதத்தில் விழுகிறது என்கிறார்கள். அப்படியா? 2024 ஜூலையில் வெளியான வீடியோவில், அப்போதைய மாநிலக் காங்கிரஸ் தலைவர் சுதாகரனின் கண்ணூர் வீட்டில் தோண்டத் தோண்டத் தகடும் உருவமுமாகக் கூடோத்திரம் என்கிற செய்வினை வந்துகொண்டிருந்தது. ஆளுங்கட்சியைச் சமாளிக்கிறவருக்குச் செப்புத் தகட்டைச் சமாளிக்க ஆள் தேவைப்பட்டது. எங்கள் நெய்யாற்றின்கரையில் 2025 ஜனவரியில், இறந்தவரை வீட்டார் தாங்களே கல்லறை கட்டி 'சமாதி' ஆக்கினார்கள். புகார் வந்து போலீஸ் திறந்தது. மறுநாளே இன்னும் விமரிசையாகச் சமாதி! இதற்கெல்லாம் எந்த டைரக்டர் கதை எழுதினார்?

எல்லையோரப் பொழியூரிலிருந்து பஸ் ஏறினால், அமரவிளை சோதனைச் சாவடியில் கஞ்சா தேடிப் பையைக் குடைவார்கள். பக்கத்து சீட்டில் தகடும் எலுமிச்சம்பழமுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தால், "சாமி, கொஞ்சம் காலை எடுங்கோ" என்பதோடு சரி. அவரைப் பிடிக்கத் தனிச் சட்டம் இல்லையே.

அப்படியொரு சட்டம் வேண்டாம் என்று அரசு முடிவே செய்துவிட்டது. நீதிபதி கே.டி. தாமஸ் தலைமையிலான சட்டச் சீர்திருத்த ஆணையம் 2019இலேயே மசோதா எழுதிக் கொடுத்தது. இலந்தூர் நாறியபோது, இதோ வருகிறது என்றார்கள். 2023 ஜூலையில் அமைச்சரவை சத்தமில்லாமல் கைவிட்டது. நீதிமன்றத்தில் அதைச் சொன்னது 2025 ஜூனில். கொள்கை முடிவாம்! மூச்சுக்கு முந்நூறு தரம் மறுமலர்ச்சி பேசிய அரசு, கூடோத்திரக்காரனைவிடப் பதமாக மசோதாவைப் புதைத்து வைத்தது.

மராட்டியத்துக்கு 2013இல் சட்டம் வர, அதற்காகப் போராடிய நரேந்திர தபோல்கர் சுடப்பட வேண்டியிருந்தது. கர்நாடகம் 2017இல் நிறைவேற்றியது. இங்கே இன்னும் எத்தனை தலை வேண்டும் என்று அமைச்சரவை சொல்லிவிட்டால் காத்திருக்கச் சௌகரியமாக இருக்கும்.

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு நீரோடியிலிருந்து வேடிக்கை பார்க்கிறவர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். உங்களுக்கும் இப்படி ஒரு சட்டம் இல்லை.