கேப்பைக் களியில் கட்டி: நாஞ்சில் நாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

கேப்பை எனத் தென்மாவட்டத்தார் வழங்கும் கேழ்வரகின் மாவைக் கொதிநீரில் இட்டுக் கிண்டும்போது, வெளியே வெந்தும் உள்ளே பச்சை மாவாகவும் நின்றுவிடும் உருண்டை ‘கட்டி’ எனப்படும். அடுக்களைக் குற்றங்களுள் தலையாய இதற்குப் புலவர் எவரும் உரை வகுக்க முன்வராமையால் இவ்வாய்வு தேவையாயிற்று.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களைக் கொண்ட நாஞ்சில் நாடு, கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் நெல் விளைந்த மண்ணாதலாலும், 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை அந்நெல்லுக்கு மேலும் துணை நின்றமையாலும், களம் தவறு என்று வாதிடுவோர் உண்டு. மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கமோ, திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் (ஆட்சி 1880-85) பரப்பிய மரச்சீனிக் கிழங்கின் ஆட்சி. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, மழை குறைந்த நெல்லைச் சீமையில்தான் புஞ்சைத் தானியங்களுக்கு மதிப்பு. இவ்வாறு சோற்றுக்கும் கிழங்குக்கும் இடையே அகப்பட்ட களி அன்றாடம் கிண்டப்படாமல் கைப்பழக்கம் குன்றியதாலேயே இங்குக் கட்டி தழைத்தது என்பது இவ்வாய்வின் கருதுகோள். உளுந்தங்களி கிண்டியவருக்குக் கேப்பைக் களி தானே வரும் என்ற வீண் நம்பிக்கையும் இதற்கு உரமிட்டது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோதும் கட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மாவுச்சத்து ஏறக்குறைய 70 பாகை செல்சியஸில் நீரை உறிஞ்சிப் பசையாகும். மாவை மொத்தமாகக் கொட்டிக் கலக்கினால், குவியலின் மேற்புறம் மட்டும் பசையாகி உறைபோல் மூடிக்கொள்ள, உள்மாவு எவ்வளவு கிண்டினாலும் நனையாது. இதனைத் தவிர்க்க வழி காண்போர் இரு மரபினர். மாவைச் சிறுகச் சிறுகத் தூவியபடியே துடுப்பால் கிண்டுவோர் தூவல் மரபினர். இவர்களுக்கு மூன்று கைகள் தேவை. ஒரு பிடி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து உப்பிட்ட கொதிநீரில் ஊற்றி, அது கஞ்சிப் பதமானதும் எஞ்சிய மாவை நடுவே குவித்து, துடுப்புக் காம்பால் குழியிட்டு, மூடி, சிறுதீயில் வேகவிட்டு, பின்னர்ச் சட்டியை இறக்கிக் காலிடுக்கில் அணைத்துக் கிண்டுவோர் கரைசல் மரபினர். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாமை வெந்ததற்கு அடையாளம்.

களியை மெல்லாமல், குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்பது பழைய விதி. மென்றால்தான் கட்டி அகப்படும் என்பதை நோக்க, இவ்விதி உண்பவரின் செரிமானத்துக்கன்றிக் கிண்டியவரின் மானத்துக்காக வகுக்கப்பட்டதென்றே கொள்ள இடமுண்டு. மருமகள் கிண்டியதில் கட்டி விழுந்தால் கைக்குற்றம் என்றும், மாமியார் கிண்டியதில் விழுந்தால் மாவு பழசு என்றும் வழங்கும் தீர்ப்புகளை அறிவியல் ஏற்பதற்கில்லை.

கரைசல் மரபே சிறந்தது என்பது இவ்வாய்வின் முடிபு. ஐயமுடைய வாசகர் ஒரு குவளை மாவும் இரண்டரைக் குவளைத் தண்ணீரும் கொண்டு தாமே சோதித்தறிக. அடிப்பிடித்த சட்டியையும் அவரே தேய்த்துக் கழுவிவைக்க வேண்டப்படுகிறார்.