பாட்டிலுக்கு விசா இல்லை

கே: நண்பர்கள் நால்வர் மாலத்தீவு போகிறோம். மலிவாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் பிடித்துவிட்டோம். இரவுக் கேளிக்கைக்கு எந்தப் பக்கம் போகலாம்?

ப: அறையைப் பிடித்த பிறகு கேட்கிறீர்களே, அதுதான் சிக்கல். கோவாவில் அறை ஒரு தெருவில், ஆட்டம் இன்னொரு தெருவில். வண்டி பிடித்துப் போய்விடலாம். மாலத்தீவில் இரண்டுக்கும் நடுவே கடல் கிடக்கிறது. ராஜராஜன் மெய்க்கீர்த்தி பன்னீராயிரம் தீவு என்கிறது. இன்றைய கணக்கில் 1,200க்கும் சற்றுக் குறைவு. (புலவர் கையில் ஒரு பூஜ்யம் கூடிவிட்டது போலும்.) அவற்றில் மக்கள் குடியிருப்பவை ஏறத்தாழ 200. அந்த ஊர்த் தீவுகளில் மது விற்பனை கிடையாது, நீச்சல் உடைக்கும் தனியாக ஒதுக்கிய கடற்கரைதான். 1972இல் முதல் ரிசார்ட்டான குரும்பா எழுந்தது ஆளில்லாத தீவில். வெளிநாட்டவர் ஒரு பக்கம், ஊர் மறுபக்கம் என்ற அந்த ஏற்பாடே பின்பு நாட்டின் சுற்றுலாக் கொள்கையாக நிலைத்தது. 2009க்குப் பிறகு ஊர்த் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் நடத்த வழி பிறந்தது. விருந்தாளியை உள்ளே விட்டார்கள். அவர் கையிலிருக்கும் கிளாஸை விடவில்லை. ஆகவே அறைக்குப் பணம் கட்டிய நிமிடத்திலேயே உங்கள் இரவும் முடிவாகிவிட்டது. கேளிக்கைதான் முக்கியம் என்றால் ரிசார்ட் அல்லது கடலிலேயே இரவு தங்கும் சஃபாரி படகு. காசுதான் முக்கியம் என்றால் கெஸ்ட் ஹவுஸ். இரண்டும் வேண்டுமென்றால் பயணத்தைப் பிரியுங்கள்: மூன்று இரவு ஊரில், கடைசி இரவு ரிசார்ட்டில்.

கே: டூட்டி ஃப்ரீயில் ஒரு பாட்டில் வாங்கித் துணிகளுக்கு நடுவே சுருட்டி வைத்துவிட்டால்?

ப: மாலே விமான நிலையத்தில் வந்திறங்குபவர்களின் பெட்டியும் எக்ஸ்ரேக்குள் போகும், துணியின் கனம் அங்கே செல்லாது. சுங்கத்தார் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, நீங்கள் திரும்பும்போது கொடுப்பது வழக்கம். ஊர் சுற்றியது நீங்கள், ஓய்வெடுத்தது பாட்டில். வேப் கருவிக்கு 2024 முதல் தடை. வழிபாட்டுச் சிலைகளுக்கும் அனுமதியில்லை. முருகனை வீட்டிலேயே கும்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கே: ஊருக்குள் மதுவிலக்காம், கூப்பிடு தூரத்தில் கடலில் பார் படகாம். இது வேஷம் இல்லையா?

ப: மாஃபுஷி தீவுக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கும் படகுகளைச் சொல்கிறீர்கள். வேஷம் என்பது மறைத்துச் செய்வது. இங்கே எதையும் மறைக்கவில்லை; கோடு எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். 2008 அரசியலமைப்பின்படி அந்நாட்டுக் குடிமக்கள் முஸ்லிம்களாகவே இருக்க வேண்டும். அவர்கள் குடியிருக்கும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் வியாபாரம் என்பது கொள்கை. ஆனால் நாட்டின் வயிறே சுற்றுலாவை நம்பியிருக்கும்போது, கொள்கையைக் கரையிலும் வருமானத்தை அலையிலும் வைத்துக்கொள்வது கொஞ்சம் வசதியான பக்திதானே என்று நீங்கள் கேட்டால் மறுக்க மாட்டேன். என்றாலும், விருந்தாளியின் வசதிக்காகத் தன் தெருவை மாற்றிக்கொள்ளாத ஊர் என்று பார்த்தால் அதில் ஒரு மரியாதை தெரிகிறது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: படகில் ஏறும்போதே கரைக்குத் திரும்பும் கடைசி டிங்கி எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள். ரிசார்ட் பாரில் வேறொரு பொறி. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். முதல் குறி 10 சதவீதச் சேவைக் கட்டணம். இரண்டாவது அதற்கும் மேலே விழும் சுற்றுலா வரி, 2025 ஜூலை முதல் 17 சதவீதம். பத்து டாலர் கிளாஸ் மேசைக்கு வந்து சேரும்போது கிட்டத்தட்ட பதின்மூன்று. தினமும் ஒன்றோடு நிறுத்தாதவர்கள், எல்லாம் அடங்கிய பேக்கேஜ் எடுத்தால் பர்ஸ் தப்பிக்கும்.

கே: குடிக்காதவனுக்கு அங்கே இரவில் என்ன இருக்கிறது? எட்டு மணிக்குப் படுத்துவிட வேண்டியதுதானா?

ப: உண்மையில் ஊர்த் தீவு உங்களுக்குத்தான் பொருத்தம். பொழுது சாய்ந்ததும் தோணியில் பவளத்திட்டுக்கு மேலே கொண்டு நிறுத்துவார்கள். தூண்டிற்கழி கிடையாது, ஈயக்குண்டு கட்டிய நரம்பைக் கையாலேயே விட வேண்டும். குண்டு தரை தட்டியதும் ஒரு முழம் மேலே இழுத்து வைத்துக்கொண்டு, விரல் நுனியில் வெடுக்கென்ற இழுப்புக்குக் காத்திருப்பது. கிடைத்த மீனைப் பல விடுதிகளில் சுட்டும் தருவார்கள். தேநீர்க் கடையில் குல்ஹா கேளுங்கள்: சூரை மீனும் தேங்காயும் வைத்துப் பொரித்த உருண்டை. மாசிக் கருவாடு சாப்பிட்டு வளர்ந்த தூத்துக்குடிக்காரரும் யாழ்ப்பாணத்தாரும் அந்த மணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். போடுபெரு மேளம் வாய்த்தால் உட்காருங்கள். மெதுவாகத் தொடங்கும்; கடைசியில் ஆட வந்தவரைப் பார்க்க வந்தவரிடமிருந்து பிரிக்க முடியாது. வாதூ தீவில் நீல ஒளி அலை பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அது நுண்ணுயிர்களின் வேலை, டிக்கெட் வாங்கியவருக்காக மின்னாது. அமாவாசையை ஒட்டிப் போனால் இருட்டாவது கிடைக்கும்.

கே: சாயங்கால விமானத்தில் இறங்கினால் அன்றிரவே ரிசார்ட் பார்ட்டிக்குப் போய்விடலாமா?

ப: உங்கள் ரிசார்ட்டுக்கு சீப்ளேனில்தான் போக வேண்டும் என்றால் முடியாது. அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். அன்றிரவு விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான ஹுல்ஹுமாலேயில் அறை எடுத்துத் தங்க வேண்டியதுதான். அங்கே பார்ட்டி என்றால் காபி. மாலேக்குப் பக்கத்தில் ஸ்பீட்போட் போகும் ரிசார்ட் என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஊர்த் தீவுக்கு என்றால் வெள்ளிக்கிழமை போய் இறங்காதீர்கள். அன்றைக்குப் பொதுவாக அரசுப் படகு ஓடாது. ஸ்பீட்போட்காரர் சொன்னதுதான் விலை.