பெரியமேடு டயல் பண்ணட்டும்

(1999. ஆம்பூரில் தோல் பதனிட்டு ஷூ அப்பர் தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி. தலைமை ஆபீஸ் சென்னை பெரியமேட்டில். இரண்டுக்கும் நடுவே ஐ.எஸ்.டி.என். டெலிபோன் இணைப்பு; டயல் பண்ணி லைன் திறந்திருக்கும் நேரத்துக்கெல்லாம் பில் ஏறும். மேசையில் சிஸ்கோ ரூட்டர், அதன் மேல் டெலிபோன் பில்.)

மேனேஜர் பாய்: தம்பி, 1996-ல சுப்ரீம் கோர்ட்டு பாலாத்தைக் கெடுத்ததுக்கு டேனரிக்குத் தலா 10,000 ரூபா அபராதம் போட்டுச்சு. இந்த மாச பில்லு அதையும் தாண்டிடுச்சு. ஆத்தைக் கெடுக்கிறதை விட இந்தப் பொட்டியை வெச்சிருக்கிறது பெரிய பாவமா?

(பாலாறு மாசாமாசம் பில் அனுப்பாது என்பது பாய்க்குத் தெரியும்.)

ரூட்டர் தம்பி: பொட்டி மேல தப்பு இல்ல பாய். இதுல ரெண்டு சேனல், ஒவ்வொண்ணும் 64 கே. முதல் சேனல் நெரிஞ்சா ரெண்டாவதைத் தானா கூப்பிடும். எவ்வளவு நெரிஞ்சா கூப்பிடணும்னு 1-ல இருந்து 255-க்குள்ள ஒரு நம்பர் போடணும். 128-னா பாதி நிரம்பினதும். இதுல முன்னாடி வந்தவர் 1 போட்டு வெச்சிருக்கார்.

பாய்: 1-னா?

தம்பி: முதல் சேனல் கண்ணைத் திறந்ததுமே ரெண்டாவதும் எழுந்துக்கும்.

பாய்: 255 போடு.

தம்பி: அப்புறம் ரெண்டாவது சேனல் எழுந்துக்கவே எழுந்துக்காது. ஜெர்மன் பையருக்கு சாம்பிள் போட்டோ போக ஒரு யுகம் ஆகும்.

பாய்: அவன் பணம் குடுக்க 90 நாள் எடுத்துக்கிறான். போட்டோவுக்கு 90 நிமிஷம் காத்திருக்கட்டும்.

தம்பி: 128 போடறேன் பாய். சும்மா ஒரு நொடி நெரிஞ்சதுக்கெல்லாம் கூப்பிடாது, 5 நிமிஷ சராசரி பார்க்கும்.

பாய்: அஞ்சு நிமிஷத்துல போட்டோவே போய்ச் சேர்ந்துடுமே. அதுக்கப்புறம் வர்ற சேனல் யாரை ஏத்திக்கினு போகும்?

தம்பி: ...சராசரியை 30 விநாடியா மாத்திடலாம்.

பாய்: அது கெடக்கட்டும். ராத்திரி ஷெட்டைப் பூட்டின பிறகும் கால் ஓடியிருக்கே, யார் பேசினது?

தம்பி: ரூட்டருங்கதான். எனக்கு இந்தந்த வழி தெரியும்னு 30 விநாடிக்கு ஒரு தரம் ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கும். 120 விநாடி சேர்ந்தாப்புல பேச்சே இல்லன்னாதான் லைன் கட்டாகும்.

பாய்: முப்பதுக்கு ஒரு தரம் பேசினா நூத்தியிருபது எப்ப வரும்?

தம்பி: வராது.

பாய்: அடப்பாவி! ரெண்டு வாட்ச்மேன் விடிய விடிய விசில் ஊதி நலம் விசாரிச்சிருக்கானுங்க, எஸ்.டி.டி. ரேட்ல. அதுவும் ரெண்டு சேனல்ல!

தம்பி: இந்தப் பேச்சுக்கெல்லாம் லைனைத் திறக்காதேன்னு ஒரு லிஸ்ட் எழுதிடறேன்.

பாய்: அதுலயே ஹெட் ஆபீஸ் தினம் கேக்கிற ஸ்டாக் ரிப்போர்ட்டையும் சேர்த்துடு.

(இவ்வளவு நேரத்தில் பாய் சிரித்தது இந்த ஒரு தடவைதான்.)

பாய்: ஒண்ணு சொல்லு. பில்லு யாருக்கு வரும்?

தம்பி: டயல் பண்றவங்களுக்கு.

பாய்: அல்லாவே, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? பெரியமேடு டயல் பண்ணட்டும். 128-ஓ, 1-ஓ, உன் இஷ்டம். அந்தப் பக்கம் போட்டுடு.

தம்பி: ஒரு பக்கம்தான் போடணும் பாய். ரெண்டு பக்கமும் போட்டா ஒரே நேரத்துல ஒண்ணை ஒண்ணு கூப்பிட்டு ரெண்டுக்கும் பிஸி அடிக்கும்.

பாய்: அதான் சொல்றேன், அந்தப் பக்கம்.

தம்பி: போன வாரம் பெரியமேட்டுக்குப் போயிருந்தேன். அங்க மேனேஜரும் இதே மாதிரி பில்லைக் காட்டி, ஆம்பூர் பக்கம் போடச் சொன்னார். அதுக்குத்தான் இங்க வந்திருக்கேன்.

பாய்: அவரா சொன்னாரு? இரு, நானே பேசிடறேன்.

(போனை எடுக்கிறார். மீட்டர் ஞாபகம் வருகிறது. வைத்துவிடுகிறார்.)

பாய்: தம்பி, மெட்ராஸ் லாரி கிளம்பிடுச்சான்னு பாரு. டிரைவர்கிட்ட ஒரு சீட்டு எழுதிக் குடுத்தனுப்பலாம்.