அட்டைப்பெட்டிக்கு டிசைன் போடக் கற்பவர்

அட்டைப்பெட்டிக்கு டிசைன் போடக் கற்கும் இளைஞரை இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கண்டுபிடிப்பது எளிது. பலகாரப் பெட்டி கைக்கு வந்ததும் ஊரார் திறப்பார்கள், இவர் கவிழ்ப்பார். அடிமடிப்பைப் பிரிப்பார், பசை ஒட்டிய இடத்தை நகத்தால் நெம்புவார், பெட்டியைத் தட்டையாக்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, "மஜெந்தா ஏறிப்போச்சு" என்று வருத்தப்படுவார். அதற்குள் உள்ளே இருந்த பால்கோவா பக்கத்தில் இருப்பவர் மடிக்குப் போயிருக்கும்.

சோழபுரம், தளவாய்புரம் பக்கத்து வீடுகளில் இவருடைய தொழிலுக்கு ஒரு நிலையான பெயர் கிடையாது. அம்மாவைக் கேட்டால் கம்ப்யூட்டர் வேலை. அப்பாவைக் கேட்டால் சிவகாசியில் பிரஸ் வேலை. எதிர்வீட்டு மாமாவுக்கு எந்தக் குழப்பமும் இல்லை: "அப்ப நம்ம வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்குச் செலவு இல்ல."

இந்த வகையினர் இந்த மண்ணில் முளைத்ததற்குத் தீப்பெட்டிதான் காரணம். 1922இல் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்தால் லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும், அச்சகத்துக்குப் படம் போட ஆள் வேண்டும். ஒரு கம்பெனிக் குச்சிக்கும் இன்னொரு கம்பெனிக் குச்சிக்கும் எரிவதில் பெரிய வேற்றுமை இல்லை; ஒன்றில் மயில், மற்றதில் மாங்காய், அவ்வளவுதான். எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் "மயில் பெட்டி குடுங்க" என்று கேட்டு வாங்கினார். படமே பெயராக இருந்த காலம் அது. கல்லச்சில் நேராக எழுதினால் தாளில் இடவலம் மாறி விழும் என்பதால், கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதிப் பழகிய கைகள் அன்று இருந்தன. பக்கத்துக் கோவில்பட்டியில் சி. கொண்டைய ராஜு (1898–1976) காலண்டர் சாமிகளுக்கு முகம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிச் சீடர்கள் வண்ணம் குழைத்துக் கற்றார்கள். இன்றைய சீடருக்குக் குரு யூடியூப். அதில் பாடம் இந்தியில் நடக்கும். இவருக்கு இந்தி தெரியாது. அம்புக்குறி எங்கே போகிறது என்பது தெரியும்.

மூன்று மாதக் கோர்ஸ் முடிந்து, கோரல் டிராவும் ஃபோட்டோஷாப்பும் சான்றிதழில் ஏறியபின், பிரஸ்ஸில் சேரும் முதல் நாள் இவர் எதிர்பார்ப்பது பெரிய மானிட்டர். கையில் கிடைப்பது கத்திரிக்கோல்.

"தம்பி, மௌஸக் கீழ வையி. இந்த டூப்ளெக்ஸ் அட்டைய மடிச்சுக் கால் கிலோப் பெட்டி ஒண்ணு பண்ணு."

"அண்ணே, அதெல்லாம் சிஸ்டத்துலயே த்ரீடியில பாத்துக்கலாம்ணே."

"பாத்துக்கலாம். பால்கோவாவ அதுக்குள்ள வைக்க முடியுமா?"

இப்படிச் செய்யும் மாதிரிக்கு டம்மி என்று பெயர். பெட்டி என்பது விரித்துப் போட்டால் ஒரே தாள்: முன்பக்கம், விலா, பின்பக்கம், மறு விலா, கடைசியில் பசைக்கென்று ஒரு மெலிந்த மடிப்பு, மேலும் கீழும் மூடிகள். முழுக்கோடு வெட்டும் இடம், புள்ளிக்கோடு மடியும் இடம். படம் வெட்டுக்கோட்டைத் தாண்டி 3 மில்லிமீட்டராவது வெளியே ஓட வேண்டும். இல்லாவிட்டால் கத்தி இம்மி விலகினாலும் ஓரத்தில் வெள்ளை பல்லிளிக்கும். எழுத்தோ கோட்டை நெருங்கவே கூடாது. கற்பவரின் முதல் டம்மியில் பசுவின் முகம் முன்பக்கமும் திமில் விலாவிலும் இருக்கும். மூடியை மடித்தால் கடையின் பெயர் சிரசாசனம் செய்யும். தங்கநிறத்தில் இவர் இழைத்து இழைத்துப் போட்ட பூவேலை, சரியாகப் பசை மடிப்பில் வந்து உட்கார்ந்திருக்கும். வார்னிஷ் ஏறிய இடத்தில் பசை பிடிக்காது. ஆகவே, உள்ளே கால் கிலோவை வைத்ததும் பெட்டி மெல்ல வாய் திறக்கும்.

அடுத்த பாடம் பச்சை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெட்டி என்றால் ஆண்டாளின் கிளி இல்லாமல் முடியாது. கோயிலில் அந்தக் கிளியை நாள்தோறும் இலைகளால் புதிதாகக் கட்டி, மாதுளம்பூவால் மூக்கு வைக்கிறார்கள். கற்பவர் அதைத் திரையில் கட்டுவார். கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை வரும்வரை அரைநாள் ஓடும். திரை ஒளியால் நிறம் காட்டுவது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அங்கே விளக்குகள். அச்சில் விளக்கு கிடையாது. சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை மட்டும். திரையில் மின்னும் பச்சைகளில் பலவற்றை அந்த நான்கு மையால் எட்டவே முடியாது. மெஷினிலிருந்து வரும் முதல் தாளில் கிளி, வெயிலில் காய்ந்த வேப்பிலை நிறத்தில் அமர்ந்திருக்கும். நான்கு மையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி விழும் ரெஜிஸ்டர் விலகியிருந்தால் மூக்கு கன்னத்துக்கு நகர்ந்திருக்கும். கற்பவர் மெஷின்மேனைச் சந்தேகமாகப் பார்ப்பார். மெஷின்மேன் மானிட்டரைச் சந்தேகமாகப் பார்ப்பார். கறுப்பிலும் இதே கதைதான். "நல்லாக் கறுப்பா இருக்கட்டும்" என்று நான்கு மையையும் நூறு நூறு சதவீதம் போட்டுவைப்பார். மை காயாமல், அடுக்கிய தாள்கள் ஒன்றின் முதுகில் ஒன்று கரி பூசிக்கொள்ளும்.

தொழில்நுட்பம் இப்படிப் படிந்துவரும் வேளையில் கடைக்கார அண்ணாச்சி வருவார். அவருடைய லோகோ வாட்ஸப்பில் வந்து சேர்ந்திருக்கும்: விசிட்டிங் கார்டைப் பிடித்து எடுத்த படம், ஒரு கட்டைவிரலோடு. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அந்தப் படத்தில் தெளிவாக இருப்பது கட்டைவிரல் ரேகை மட்டுமே. கற்பவர் வெளிநாட்டுச் சாக்லேட் பெட்டிகளைப் பார்த்து ஊறியவர். வெள்ளை வெளி, நடுவில் மெல்லிய எழுத்தில் கடையின் பெயர், மூலையில் ஒரே ஒரு பால் துளி என்று ஒரு டிசைன் காட்டுவார். அண்ணாச்சி அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "பிரிண்ட் ஆகாம வந்துருச்சோ?" என்பார். பிறகு வரிசை தொடங்கும்: கோபுரம் வேண்டும், பசு வேண்டும், பால் கேன் வேண்டும், கடையை ஆரம்பித்த அப்பா படம் மாலையோடு வேண்டும், மூன்று செல் நம்பர் வேண்டும். "எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை" என்பதும் "போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்" என்பதும் கட்டாயம். அடுத்த தெருவில் உள்ள கடையின் பெட்டியிலும் இதே இரண்டு வாக்கியங்கள் இதே சிவப்பில் இருக்கின்றனவே என்று கற்பவர் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். "அவன் போடுதான்ல, நாம போடாட்டி நம்மளத்தான் போலிம்பான்" என்று பதில் வரும். சந்தை நிலவரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் பாடப்புத்தகம் இன்னும் அச்சாகவில்லை.

கோபுரத்தில் ஒரு பொறி உண்டு. இணையத்தில் "கோபுரம்" என்று தேடி அழகான ஒன்றை இறக்கி வைப்பார் கற்பவர். அண்ணாச்சி விரல் வைத்துக் கீழிருந்து நிலைகளை எண்ணுவார். ஏழு, எட்டு, ஒன்பது. நின்றுவிடும். "நம்மூருக் கோபுரம் பதினோரு நிலை தம்பி. இது எந்த ஊரு?" தமிழக அரசு முத்திரையில் இருப்பது தங்கள் கோபுரமே என்பதில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு இரண்டாம் கருத்து கிடையாது, வெளியூர்க் கோபுரத்தைத் தன் பெட்டியில் ஏற்றினால் அண்ணாச்சி ஊருக்குள் நடமாட முடியாது. 2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின் ஊரின் பெயரே ஒரு சொத்தாகிவிட்டதால் எண்ணிக்கை இன்னும் கறாராகியிருக்கிறது.

அண்ணாச்சி விட்டுவைத்த இடத்தைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் தயாரிப்பாளர் முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், அனைத்து வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை, புகார் சொல்ல ஒரு தொடர்பு எல்லாவற்றையும் கேட்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் தன் முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் கேட்கும். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும். பால்கோவாவில் வரிசை பால், சர்க்கரை என்று இரண்டாவது சொல்லிலேயே முடிந்துவிடும். இவ்வளவு பெரிய கட்டத்தில் இரண்டே சொல்லா என்று கற்பவருக்கு மனசு கேட்காது. சைவ உணவுக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி. அதைப் பெட்டியோடு மேட்ச்சாகத் தங்கநிறமாக்கி, நிழலும் கொடுத்தவர்கள் இந்த இனத்தில் உண்டு. பார்கோடைச் சிவப்பாக்குவது இன்னொரு தனிச்சிறப்பு. ஸ்கேனரின் ஒளியே சிவப்பு. அதன் கண்ணுக்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்று. சென்னை சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண் அந்தப் பெட்டியை எட்டுத் திசையிலும் திருப்பிக் காட்டிவிட்டு, எண்ணைக் கையால் அடிப்பார்.

எழுத்துப் பாடம் தனி. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த ஃபைலை, அந்த எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் "பால்கோவா" ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறி, மெய்யெழுத்துப் புள்ளி இருந்த இடத்தில் அரைப்புள்ளி நிற்கும். மருந்து: அனுப்புமுன் எழுத்தையெல்லாம் கர்வாக மாற்றிவிடுவது. அப்போது அது எழுத்து அல்ல, வெறும் வடிவம். எந்தச் சிஸ்டத்திலும் கலையாது. பிழை இருந்தால் திருத்தவும் முடியாது. எழுத்துப்பிழைகள் கர்வ் ஆகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருந்து, பிளேட் போட்டபின் வெளியே வரும் பழக்கமுள்ளவை.

பால்கோவா தேறியவர் மற்றச் சரக்குக்கு மாறுவார். சத்திரப்பட்டிப் பேண்டேஜ் துணிக்கு உறை போடச் சொன்னால் ஆழ்ந்த ரத்தச் சிவப்பைத் தேர்ந்தெடுப்பார். "காயத்த ஏன் தம்பி ஞாபகப்படுத்துதீக" என்பார் ஆர்டர் கொடுத்தவர். தளவாய்புரம் நைட்டிப் பெட்டிக்கு இணையத்தில் ஒரு சிரித்த முகத்தைப் பிடிப்பார். அந்தப் பெண் ஏற்கெனவே இரண்டு கம்பெனிப் பெட்டிகளில் சிரித்துக்கொண்டிருப்பது டெலிவரி அன்று தெரியும். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகும், அதையொட்டித் தீபாவளிப் பட்டாசுப் பெட்டிகள் குவியும். அந்த மாதங்களில் இவர் கடைசிப் பஸ்ஸைத் தவறவிடுவது வழக்கம்.

முடிந்த பெட்டியில் இவர் பெயருக்கு இடம் இல்லை. பிரஸ் பெயரே சில சமயம் இருக்காது. ஆனாலும் வெட்டுக்கோட்டுக்கு வெளியே, ரெஜிஸ்டர் குறிக்கும் கலர் பட்டைக்கும் நடுவே, ஃபைல் நம்பர், தேதியோடு தன் பெயரையும் பொடி எழுத்தில் வைத்துவிடுவார். பத்தாயிரம் தாளிலும் அது பிசிறில்லாமல் விழும். டை வெட்டியதும் அந்த ஓரம் தனியே உதிர்ந்துவிடும். அதைச் சாக்கில் திணித்துக் கட்டி, வேஸ்ட் பேப்பர்க்காரர் சனிக்கிழமை எடை போட்டு எடுத்துப்போவார்.