என்னிடம் அரை கம்பைன் இருக்கிறது

சுரங்கத்துக்கு வாங்கும் உதிரிபாகங்களின் பில்லைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் உத்தியோகம். நெய்வேலியில் ஓடும் ராட்சச பக்கெட் வீல்களில் பெரியதுக்கு ஒரு வாளியின் கொள்ளளவு 1400 லிட்டர். கடலூர் மணற்பாறையைக் கடித்துக் கடித்து அதன் பற்கள் தேய்ந்துபோகும், புதிதாக மாட்டுவார்கள். ஒரு பல் என்ன விலை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதனால் இயந்திரமே எனக்குத் தெரியும் என்று நம்பிவிட்டேன். பல் டாக்டரிடம் கேஷியராக இருந்தவன் குறடை எடுத்துக்கொண்டு கிளம்பிய கதை இது.

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் யூட்யூப் பார்ப்பவர்களுக்கு விதவிதமான வியாதி வரும். எனக்கு வந்தது பழைய கம்பைன். இப்போது நம் வயல்களில் இறங்கும் பெல்ட் மிஷின் தானாக நடக்கிற ஜாதி. அதற்கு முந்தைய தலைமுறைக்கு நடக்கத் தெரியாது. டிராக்டர் இழுத்தால்தான் வரும். 1936-ல் ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி விட்டது அப்படி ஒன்று. கதிரை அறுத்து, அடித்து, வைக்கோலைக் கட்டியும் போட்டுவிடும். அதைப் போன்ற கிழட்டு மிஷின்களை வெளிநாட்டுத் தாத்தாக்கள் கொட்டகையிலிருந்து இழுத்து வந்து, துரு சுரண்டி, பெயிண்ட் அடித்து ஓட்டுகிறார்கள். இருபது நிமிஷ வீடியோவில் முடிந்துவிடுகிறது. நடுவில் அவர்கள் எத்தனை வருஷத்தை வெட்டி எறிந்தார்கள் என்று யார் யோசித்தது?

சேத்தியாத்தோப்புக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில், தார்ப்பாய்க்கு அடியில் என் மிஷின் படுத்திருந்தது. இரண்டு டயர், முன்னால் டிராக்டரில் மாட்டுகிற கொக்கி, பக்கவாட்டில் ஓர் ஆள் அணைக்கிற அளவுக்குப் புல்லி. புல்லியில் வார்ப்பு எழுத்து ஒன்று. குனிந்து பார்த்தேன். 'N', ஆனால் திரும்பி நின்றது. ரஷ்ய எழுத்து! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

சிலிர்க்கக் காரணமும் இருந்தது. நெய்வேலி நிறுவனம் பதிவான அதே 1956-ல்தான் ராஜஸ்தானின் சூரத்கரில், சோவியத் நாடு அன்பளிப்பாகக் கொடுத்த டிராக்டர்களையும் கம்பைன்களையும் வைத்து மத்திய அரசு பெரிய பண்ணையைத் தொடங்கியது. எங்கள் முதல் அனல் மின் நிலையமும் சோவியத் உதவியில் வந்ததுதான். இரண்டையும் முடிச்சுப் போட்டு, களத்துமேட்டில் நின்றபடி விற்கிறவருக்கே வரலாற்று வகுப்பு எடுத்தேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருக்கும் சார். எங்க மாமனார் பண்ருட்டிப் பட்டறையில அடிச்சது. அச்சுல எழுத்தைத் திருப்பிப் போட்டுட்டானுவ" என்றார். அதற்குள் அட்வான்ஸ் அவருடைய மடிக்குப் போயிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் கடைசிவரை 'கதிரடி மிஷின்' என்றுதான் சொன்னார். கம்பைன் என்று ஒருதரம்கூடச் சொல்லவில்லை. கிராமத்து ஆள், தன்னடக்கம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இழுத்து வந்த கதைக்கு வருவோம். வாடகை டிராக்டர் வடலூர் சாலையில் ஊர்ந்தது. பின்னால் நான் ஸ்கூட்டரில், சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டு. கும்பகோணம் பஸ்கள் ஒவ்வொன்றும் என் காதுக்குள் ஹாரனை விட்டுவிட்டுப் போயின. கருங்குழிப் பக்கம் டிராக்டர் நின்றது. தள்ளி ஸ்டார்ட் செய்தால் ஓடும்; கொஞ்ச தூரத்தில் நிற்கும். டிரைவர் தம்பி பில்டரைக் கழற்றிப் பார்த்து, "டீசல்ல தண்ணி சார்" என்றார். கருங்குழியில்தான் வள்ளலார் தண்ணீரில் விளக்கு எரித்தார் என்பார்கள். எங்களுக்கு அந்த அருள் கிட்டவில்லை.

1867-ல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு வடலூரில் இன்றும் எரிகிறது. நானும் தம்பியும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அன்று முழுவதிலும் காசு போகாமல் நடந்த காரியம் அது ஒன்றுதான்.

குவார்ட்டர்ஸ் கேட்டை முன்கூட்டியே அளந்து வைத்திருந்தேன் என்பதைக் கர்வத்தோடு பதிவு செய்கிறேன். மிஷினையும் அளந்திருந்தேன், டயருக்கு டயர். வெளியே துருத்திக்கொண்டிருந்த புல்லியை மட்டும் டேப் பார்க்கவில்லை. கேட் தூண் பார்த்தது. பெயர்ந்து விழுந்த செங்கல்லை என் மனைவி கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்: "ரிட்டயர் ஆனா வீட்டைக் காலி பண்ணணுமே, அப்ப இது எந்த வேன்ல ஏறும்?" இந்தக் கேள்விக்குத் தயாராகும் வீடியோ யூட்யூபில் இல்லை.

மறுநாள் காலை, சுரங்கத்தில் ஃபிட்டராக இருக்கும் எதிர்வீட்டு அண்ணன் டீ டம்ளரோடு வந்து மிஷினை வலம் வந்தார். குனிந்து பார்த்தார். வாய்க்குள் கையை விட்டு உருளையைச் சுற்றினார்.

"முன்பாதி எங்க?"

"எதண்ணே?"

"அறுக்கிற பாதி. கத்தி எங்க, கதிரை உள்ளே தள்ற சக்கரம் எங்க? இது அடிக்கும், சலிக்கும், பதரை ஊதித் தள்ளும். அறுக்காது. அறுக்கிறதையும் அடிக்கிறதையும் கம்பைன் பண்ணாத்தான்யா கம்பைன்."

டீயை முடித்துவிட்டுப் போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் மிஷினுக்கு முன்பக்கமாக நின்று பார்த்தேன். அண்ணன் சொன்னது சரி, அந்தப் பக்கம் செம்பருத்திச் செடிதான் இருந்தது.

அரையோ முழுசோ, வாங்கியாயிற்று. துரு சுரண்டினேன், சிவப்பு பெயிண்ட் வாங்கி ஓர் அங்குலம் விடாமல் இரண்டு கோட் அடித்தேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அப்புறம் கிரீஸ் கன்னோடு உட்கார்ந்தால் கிரீஸ் உள்ளே போக மறுக்கிறது. ஓர் அங்குலம் விடாமல் அடித்ததில் கிரீஸ் நிப்பிள்களின் வாயும் அடங்கும். குண்டூசியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தபோது அதே தெரு நின்று பார்த்தது.

வெள்ளோட்டத்துக்கு மந்தாரக்குப்பத்திலிருந்து ஓர் ஆயில் எஞ்சின் இரவல் வந்தது. எஞ்சினுக்கும் மிஷினுக்கும் பட்டை பெல்ட்டை மாட்டினேன். நேராக, அழகாக, சுருக்கம் இல்லாமல். அந்தப் பெல்ட்டைக் குறுக்கே முறுக்கி, எட்டு மாதிரி மாட்ட வேண்டுமாம்; இல்லாவிட்டால் உருளை தலைகீழாகச் சுற்றுமாம். இந்த 'மாம்' எல்லாம் பிற்பாடு வந்தது. உருளை சுற்ற ஆரம்பித்ததும், குறிஞ்சிப்பாடியிலிருந்து கொண்டுவந்த நெற்கட்டு ஒன்றைப் பிரித்து வாய்க்குள் கொடுத்தேன். மிஷின் வாங்கிக்கொள்ளவில்லை. கொடுத்ததை அப்படியே என் முகத்துக்கு எறிந்தது. கண்ணாடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தாளும் கதிரும் மதில் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த யூனிஃபார்ம்களின் மேல் போய் இறங்கின.

அண்ணன் வந்து எஞ்சினை நிறுத்தினார். பெல்ட்டைக் கழற்றி, ஒரு முறுக்கு முறுக்கி மாட்டி, மீதிக் கட்டைத் தானே கொடுத்தார். தடதடவென்று சத்தம். ஒரு பக்கம் வைக்கோல், ஒரு பக்கம் பதர், கீழே முறத்தில் நெல். அள்ளிப் பார்த்தோம், ஒரு வேளைக் கஞ்சிக்குக் காணும்.

அண்ணன் நெல்லை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "காட்டுமன்னார்கோவில்ல என் மச்சான் ஊர்ல தாளறுக்கிற மிஷின் ஒண்ணு சும்மா கிடக்கு. டிராக்டருக்கு முன்னால மாட்டறது. ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துட்டு வந்துடுவமா?"

இந்தத் தடவை டேப் அவர் எடுத்து வருகிறார். வீட்டில் கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறோம். யாருடைய கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் கேட்டுவிட்டார்கள். நாங்கள் சொன்ன பெயர்கள் வேறு வேறு.